கோர்ஸுக்குக் கட்டாதீர்கள், பரீட்சைக்குக் கட்டுங்கள்

திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கும், வெளிநாட்டிலிருந்து எங்கள் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் அனுப்பும் ஊர் ஒன்றியங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு உங்கள் வாட்ஸ்அப் குழுக்களுக்கு விண்ணப்பங்கள் வரத் தொடங்கிவிடும். 'கம்பஸ் கிடைக்கவில்லை, நெட்வேர்க்கிங் படிக்க விருப்பம், கோர்ஸ் கட்டணம் இவ்வளவு' என்று ஒரு கடிதம். கூடவே ஏதோ ஒரு நிலையத்தின் வர்ணத் துண்டுப்பிரசுரம். டொரன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் ஒருவர் 'இந்தப் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பார். பணம் நேரே நிலையத்தின் கணக்குக்குப் போகும். சில மாதம் கழித்து, சான்றிதழைப் பிடித்தபடி பிள்ளை நிற்கும் படம் ஒன்று குழுவுக்கு வரும். எல்லாரும் கைகூப்பும் பொம்மை போடுவார்கள். அத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வேலை தேடி வருவது எங்களைப் போன்றவர்களிடம். ஹொட்டேல்களுக்கும் அலுவலகங்களுக்கும் நெட்வேர்க் போட்டுப் பராமரிப்பதுதான் என் தொழில். அந்த இடத்தில் நின்று ஒன்றை வெளிப்படையாகக் கேட்கிறேன்: தனியார் கோர்ஸ் கட்டணத்துக்குப் பணம் கொடுப்பதை நிறுத்துங்கள். அதே பணத்தைச் சர்வதேசப் பரீட்சைக் கட்டணத்துக்கும், பிள்ளைகள் கைவைத்துப் பழக ஓர் இடத்துக்கும் கொடுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நேர்முகத்தில் நடப்பது இதுதான். அண்மையில் உதவியாளர் வேலைக்கு ஒரு தம்பி வந்தார். தங்கக் கரை போட்ட டிப்ளோமா, 'ஹார்ட்வெயார் அன்ட் நெட்வேர்க்கிங்', சிறப்புச் சித்தி. கேபிள் நுனி அடிக்கச் சொன்னேன். வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம் என்று வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொண்டே அழகாக அடித்துத் தந்தார். சரி, கை நல்ல கை. பிறகு ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினேன். ஒரே சுவிட்சில் (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) இரண்டு கணினி. ஒன்றின் முகவரி 192.168.1.20, மற்றதின் முகவரி 192.168.1.130. இரண்டிலும் மாஸ்க் 255.255.255.128. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பிங், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்கும் சோதனைச் செய்தி, போகவில்லை, ஏன்?

கேபிள் பழுது என்றார். கேபிள் நல்லது என்றேன். சுவிட்சை மாற்றிப் பார்க்கலாம் என்றார். பிறகு, நிறுத்திப் போட்டால் சரிவரும் என்றார். அந்த மாஸ்க் முகவரிகளை 0 முதல் 127 வரை ஒன்று, 128 முதல் 255 வரை இன்னொன்று என்று இரண்டு துண்டாக்குகிறது. 20 ஒரு துண்டில், 130 மற்றத் துண்டில். இரண்டு துண்டையும் இணைக்கும் ரவுட்டர் நடுவில் இல்லாமல் இரண்டும் பேசாது. இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி. தம்பியில் பிழை சொல்ல மாட்டேன். அவர் படித்த இடத்தில் வகுப்பு முழுவதற்கும் ஒரே ஒரு சுவிட்ச்தான் இருந்ததாம், அதையும் சேர் மட்டும்தான் தொடுவாராம். அந்த டிப்ளோமாவுக்குக் கட்டிய பணம் உங்களைப் போன்ற ஓர் ஒன்றியம் அனுப்பிய பணம். லட்சத்துக்கு மேல்.

துண்டுப்பிரசுரத்தில் எல்லாவற்றையும் 'சான்றிதழ்' என்றே போடுவார்கள். அதற்குள் மூன்று வகை இருக்கிறது. நிலையம் தானே அச்சடித்துத் தருவது முதல் வகை. அதன் மதிப்பு அந்த நிலையத்தின் பெயர் எவ்வளவு தூரம் தெரியுமோ அவ்வளவுதான். என்.சி. வீதியைத் தாண்டினால் பல பெயர்கள் யாருக்கும் தெரியாது. இரண்டாவது அரசின் தேசியத் தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. மூன்றாம், நான்காம் மட்டங்கள் தொழிலாளர் தரம்; ஐந்தும் ஆறும் டிப்ளோமா; ஏழு பட்டத்துக்குச் சமம். இதற்குப் பொறுப்பு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. இங்கேயும் ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. நிலையம் பதிவாகியிருப்பது வேறு, அந்த நிலையம் நடத்தும் குறிப்பிட்ட கோர்ஸ் தர அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. 'அரச பதிவு பெற்றது' என்று பலகையில் பெரிதாக எழுதியிருக்கும். அது முதலாவதை மட்டும்தான் சொல்லும். இரண்டாவதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அரச பாடநெறிகளுக்கு உங்கள் பணம் அநேகமாகத் தேவையே இல்லை. தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற் பயிற்சி அதிகார சபையிலும் முழுநேரப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, இருந்தாலும் மிகக் குறைவு. வெருகலிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் பட்டினத்துக்கு வந்துபோகும் பஸ் காசுதான் அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய செலவு. அதைக் கொடுங்கள், புண்ணியமாகப் போகும். இன்னொன்று, வருடக்கணக்காகக் கேபிள் இழுத்து, கமரா பூட்டி வேலை தெரிந்த, ஆனால் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாத இளைஞர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்கு வகுப்பில் மறுபடி உட்காராமல், முன்பு கற்றதைக் காட்டி மதிப்பீடு செய்து என்.வி.கியூ. பெறும் வழி இருக்கிறது. யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. கோர்ஸ் விற்கிறவர் ஏன் சொல்லப் போகிறார்!

மூன்றாவது, நெட்வேர்க் உபகரணம் செய்யும் கொம்பனிகளின் சர்வதேசச் சான்றிதழ். அப்படியான ஒரு கொம்பனியான சிஸ்கோவின் அடிப்படை நெட்வேர்க் சான்றிதழ் சி.சி.என்.ஏ., அதில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். உங்கள் பணம் உண்மையில் தேவைப்படும் இடம் இது. ஆனால் பணம் தவறிப் போகும் இடமும் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சி.சி.என்.ஏ. கோர்ஸ் படிப்பதும் சி.சி.என்.ஏ. ஆவதும் ஒன்றல்ல. லேர்னர்ஸ் பழக்கிய இடம் தரும் கடதாசியைக் காட்டி வீதியில் வாகனம் ஓட்ட முடியுமா? அது போலத்தான் இதுவும். நிலையம் 'கோர்ஸ் பூர்த்தி செய்தார்' என்று ஒன்று தரும். பிள்ளை அதை வைத்து சுயவிபரக்கோவையில் 'சி.சி.என்.ஏ.' என்று எழுதிவிடும். கொழும்பிலோ கட்டாரிலோ உள்ள கொம்பனி சிஸ்கோவின் சரிபார்ப்பு இலக்கத்தைக் கேட்கும்போது ஒன்றும் இருக்காது. பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவருக்கு மட்டும்தான் அந்த இலக்கம்.

அந்தப் பரீட்சையின் குறியீடு 200-301. 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டொலர். டொலர் 300 ரூபாவைச் சுற்றி நிற்கும்போது அது 90,000 ரூபா. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவாக இருந்து மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு மூன்று மாதத்துக்குள் அதே பரீட்சை 60,000 ரூபாவிலிருந்து லட்சத்துக்கு மேலே போய்விட்டது. தயாராக இருந்த பிள்ளைகள் அப்படியே விட்டுவிட்டார்கள். மீன்பிடிக்கிற, வயல் செய்கிற குடும்பம் ஒன்று, சித்தியா தோல்வியா என்று தெரியாத இரண்டு மணித்தியாலத்துக்கு 90,000 ரூபாவை வைக்காது. டொலரிலும் பவுண்டிலும் உழைக்கிற உங்களுக்கு அது அவ்வளவு பாரமில்லை. உங்கள் உதவிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

படிப்புக்கு? அதற்குத்தான் பணம் தேவையில்லை என்கிறேன். சிஸ்கோ 1997 முதல் நெட்வேர்க்கிங் அக்கடமி என்ற திட்டத்தை நடத்துகிறது. சி.சி.என்.ஏ.க்குரிய பாடம் மூன்று பாகமாக அதில் இருக்கிறது. பக்கெற் ட்ரேசர் என்ற மென்பொருளையும் இலவசமாகத் தருகிறார்கள். சாதாரண லப்டொப் ஒன்றில் பத்து ரவுட்டர், இருபது சுவிட்ச் வைத்து ஒரு முழு அலுவலகத்தையே கட்டிப் பார்க்கலாம். தவறாகக் கட்டினால் வேலை செய்யாது, ஏன் என்று தேட வேண்டும். அந்தத் தேடல்தான் படிப்பு. கல்வி நிறுவனம் ஒன்று அக்கடமியாகச் சேர்ந்து, பயிற்சி பெற்ற ஆசிரியர் வகுப்பை நடத்தினால், கடைசிப் பாகத்தின் இறுதிப் பரீட்சையை முதல் தடவையிலேயே நல்ல புள்ளியோடு முடிக்கும் மாணவருக்குச் சி.சி.என்.ஏ. கட்டணத்தில் கழிவும் கிடைக்கும். ஆகவே ஒரு பிள்ளைக்கு டிப்ளோமா வாங்கிக் கொடுக்கும் பணத்தில், உங்கள் பாடசாலையின் ஐ.சி.ரி. ஆசிரியர் ஒருவரை அந்தப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று எப்போதாவது யோசித்தீர்களா? 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்த பிறகு நல்ல ஐ.சி.ரி. ஆசிரியர்கள் எங்கள் மாவட்டத்துக்கும் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பயிற்சி பெற்றால் பத்து வருடத்துக்குப் போதும்.

போலியைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழியும் சொல்லிவைக்கிறேன். 2020 பெப்ரவரி 24இல் சிஸ்கோ தன் பரீட்சைகளை மாற்றி அமைத்தது. 'சி.சி.என்.ஏ. ரவுட்டிங் அன்ட் சுவிட்சிங்' என்ற பழைய சான்றிதழும், அதற்குக் கீழே இருந்த 'சி.சி.இ.என்.ரி.' என்பதும் அன்றோடு போய்விட்டன. இன்றைக்கும் அந்தப் பெயர்களை அச்சடித்து வைத்திருக்கும் நிலையம் எந்தக் குறிப்பை வைத்துப் படிப்பிக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இப்போதைய பரீட்சையில் ஐ.பி. இணைப்புக்கு மட்டும் 25 வீதம், பாதுகாப்புக்கு 15, தன்னியக்கமாக்கலுக்கு 10. 2024 ஓகஸ்டில் செயற்கை நுண்ணறிவு, கிளவுட் பற்றியும் கொஞ்சம் சேர்த்தார்கள். பழைய குறிப்பு இந்தப் பங்கீட்டோடு ஒத்துவராது.

'சித்தி உத்தரவாதம்' என்று போட்டிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். டம்ப் என்று சொல்லப்படும், திருடிய கேள்விகளை மனப்பாடம் செய்விக்கிற வேலை அது. அகப்பட்டால் சான்றிதழ் பறிபோகும், அகப்படாவிட்டால் வேலையில் முதல் கிழமையே தெரிந்துவிடும். பரீட்சையில் செயல்முறைக் கேள்விகளும் வரும், ஒரு கேள்வியைக் கடந்தால் திரும்பிப் போகவும் முடியாது. மனப்பாடம் அங்கே நெடுந்தூரம் போகாது.

எல்லாப் பிள்ளைக்கும் சி.சி.என்.ஏ.தானா என்றால், இல்லை. பிள்ளை எங்கே வேலை செய்யப் போகிறது என்று முதலில் கேளுங்கள். கொழும்பில் ஒரு வங்கியோ தொலைத்தொடர்புக் கொம்பனியோ, அல்லது வளைகுடாவோ என்றால் சி.சி.என்.ஏ. இல்லாமல் கதவு திறப்பது கஷ்டம். ஊரோடு இருக்கப்போகிறவருக்கு நிலைமை வேறு. உப்புவெளி, நிலாவெளி ஹொட்டேல்களில் பாதிக்கு மேல் நான் பார்ப்பது மைக்ரோடிக் ரவுட்டர். லத்வியா நாட்டுக் கொம்பனி, விலை குறைவு, வேலை அதிகம். விருந்தினருக்கு வைஃபை டிக்கெட் கொடுப்பது, வேகத்தைப் பங்கிடுவது, இரண்டு இணைய இணைப்பை ஒன்றாக ஓட்டுவது எல்லாம் அதில்தான். அவர்களின் ஆரம்பச் சான்றிதழ் எம்.ரி.சி.என்.ஏ. அதைத் தனியே போய் எழுத முடியாது; அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரின் வகுப்பில் இருந்து கடைசியில் எழுத வேண்டும். ஆகவே இதற்கு மட்டும் வகுப்புக் கட்டணம் நியாயமானது. வகுப்புக்கு முன்பே வீட்டில் பழகலாம். மைக்ரோடிக்கின் மென்பொருளை மெய்நிகர் கணினியில் ஓட்டும் பதிப்பு இலவசம், செக்கனுக்கு ஒரு மெகாபிட் என்ற வேகத் தடை மட்டும்தான். பழகுவதற்கு அது தாராளம்.

சீனன்குடாப் பக்கத்து ஆலைகள், வைத்தியசாலை, மாகாண அலுவலகங்கள் என்று வந்தால் பயர்வோல், அதாவது வெளியிலிருந்து வரும் தாக்குதலைத் தடுக்கும் காவல், தெரிந்த ஆளைத் தேடுவார்கள். பயர்வோல் செய்யும் போர்ட்டிநெட் கொம்பனி தன் அடிப்படைப் பாடங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கொம்ப்டியா என்ற அமைப்பின் நெட்வேர்க் பிளஸ் சான்றிதழ் நல்ல பாடத்திட்டம்தான், ஆனால் இங்கே வேலை கொடுப்பவர்கள் அதைக் கேட்டு நான் கண்டதில்லை. அந்தப் பணத்தைச் சி.சி.என்.ஏ.க்கு வையுங்கள். சி.சி.என்.ஏ. முடித்த சூட்டோடு, ஒருநாள் வேலை பார்க்காமலே அடுத்த படியான சி.சி.என்.பி.க்கு உதவி கேட்டு வருபவருக்கு அன்போடு மறுத்துவிடுங்கள். அது இரண்டு பரீட்சை, 400ம் 300ம் சேர்த்து 700 டொலர். அனுபவம் இல்லாத ஒருவரிடம் அந்தச் சான்றிதழைக் கண்டால் வேலை கொடுப்பவர் சந்தேகம்தான் படுவார். 'எத்திக்கல் ஹக்கிங்' என்று வரும் விண்ணப்பங்களுக்கும் அதே பதில். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவருக்குப் பூட்டுடைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இந்தச் சான்றிதழ்கள் பெரும்பாலும் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். உயர்தரம் முடித்த அடுத்த மாதமே பரீட்சை எழுதிவிட்டு வேலையில்லாமல் இரண்டு வருடம் இருந்தால், வேலை கிடைக்கும்போது சான்றிதழ் காலாவதியாக ஒரு வருடம்தான் மிச்சம் இருக்கும். பிள்ளை வேலை தேடத் தயாராக இருக்கும் நேரம் பார்த்துப் பரீட்சைக்குக் கட்டுங்கள்.

இனி அந்த 'ஓர் இடம்' பற்றி. பெரிய கட்டடம் வேண்டாம், பெயர்ப்பலகையும் நாடா வெட்டும் விழாவும் வேண்டாம் (கோபிக்கக் கூடாது, கடந்த வருடங்களில் கணினிகளைவிடப் பெயர்க்கல்லுக்குக் கூடச் செலவழித்த இடங்களைக் கண்டிருக்கிறேன்). பட்டினத்தில் பூட்டக்கூடிய ஓர் அறை. உங்கள் நாட்டு அலுவலகங்கள் கழித்துவிடும் சிஸ்கோ 2960 சுவிட்சுகள் சில, பழைய ரவுட்டர் இரண்டு, இரண்டு மைக்ரோடிக். கொம்பனி ஆதரவு முடிந்துபோன உபகரணமானாலும் பழகுவதற்கு ஒரு குறையும் இல்லை. கேபிள் மட்டும் நல்லதாக வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்குச் செப்பு முலாம் பூசிய மலிவுக் கேபிளில் பழகிய பிள்ளை, அதையே ஹொட்டேலிலும் போடும். கூரையில் இருக்கும் கமராவுக்கு அதே கேபிள் வழியாக மின்சாரம் அனுப்பும்போது அது சூடாகி, பாதி வழியில் கைவிடும். எங்கள் கடற்கரை உப்புக் காற்றுக்கு இணைப்பு முனைகள் பச்சை பிடிப்பதே போதும், கேபிளும் சேர்ந்து சதி செய்ய வேண்டாம்.

அந்த அறைக்கு ஒரு யு.பி.எஸ்., கேபிள் வழி இணைய இணைப்பு, மூடினால் சத்தம் வராத கதவு. இதற்குக் காரணம் இருக்கிறது. சி.சி.என்.ஏ.யை இப்போது கொழும்புப் பரீட்சை நிலையத்துக்குப் போகாமல் இணையம் வழியாகவும் எழுதலாம். ஆனால் கமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். மேசை வெறுமையாக இருக்க வேண்டும், அறைக்குள் வேறு ஒருவரும் வரக்கூடாது. 'அண்ணா, அம்மா தேத்தண்ணி குடிக்கட்டாம்' என்று தங்கச்சி கதவைத் திறந்தால் பரீட்சை அத்தோடு நிறுத்தப்படலாம், 300 டொலரும் போய்விடும். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும் குடும்பத்துப் பிள்ளை எங்கே இருந்து எழுதும்? இல்லாவிட்டால் இரவு ரயிலில் நித்திரையில்லாமல் கொழும்புக்குப் போய் இறங்கி, நேரே பரீட்சைக்குப் போக வேண்டும். பெண்பிள்ளைகளைத் தனியே அனுப்ப வீட்டார் தயங்குவதும் உண்மை. ஓர் அமைதியான அறை இவ்வளவையும் தீர்த்துவிடும்.

இன்னொரு செலவு, யாரும் விண்ணப்பத்தில் எழுதாதது: ஆங்கிலம். சி.சி.என்.ஏ. ஆங்கிலத்திலும் யப்பானிய மொழியிலும்தான் இருக்கிறது. தமிழ் மொழிமூலத்தில் ஐ.சி.ரி.யில் ஏ எடுத்த மூதூர்ப் பிள்ளைக்குப் பாடம் தெரியும், ஆனால் ஐந்து வரிக் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். இலக்கணம் படிப்பிக்கும் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு இதற்கு உதவாது. உங்களில் பலர் அங்கே இதே துறையில் இருக்கிறீர்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் சூமில் வந்து, பிள்ளைகளோடு சேர்ந்து பாடத்தின் ஆங்கிலப் பக்கங்களை வாசியுங்கள். புரியாத இடத்தில் தமிழில் விளக்குங்கள். காசைவிடப் பெறுமதியான உதவி அது, ஏனென்றால் அதை இங்கே காசுக்கு வாங்க முடியாது.

அடுத்த விண்ணப்பம் வரும்போது உடனே ஆம் என்று சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். அக்கடமியின் முதல் பாகத்தை இலவசமாக முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். வந்ததும் பக்கெற் ட்ரேசரில் ஒரு சின்ன அலுவலகம்: மூன்று பிரிவு, தனித்தனி வீலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் வலையமைப்பு), நடுவில் ஒரு ரவுட்டர், எல்லாருக்கும் டி.எச்.சி.பி. (கணினிக்கு முகவரியைத் தானாகக் கொடுப்பது). அதில் வேண்டுமென்றே ஒரு பிழையை ஒளித்து வைத்துக் கொடுத்து, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எப்படித் தேடுகிறது என்று பாருங்கள். விடை வராவிட்டாலும் தேடும் விதம் போதும். அந்தப் பிள்ளைக்கு அறையின் திறப்பைக் கொடுங்கள். பயிற்சிப் பரீட்சைகளில் நிலையாக நல்ல புள்ளி வரத் தொடங்கியதும் பரீட்சை வவுச்சரை வாங்கிக் கொடுங்கள். தோற்றால் இன்னொரு தடவைக்கும் காசு ஒதுக்கி வையுங்கள், முதல் தடவை தவறுவது அதிசயமில்லை. ஐந்து நாள் பொறுத்து மறுபடி எழுதலாம் என்பது சிஸ்கோவின் விதி.

நேர்முகத்துக்கு ஆள் வேண்டுமென்றால் நானும் என் தொழில் நண்பர்கள் சிலரும் வருகிறோம், கட்டணம் எதுவும் வேண்டாம். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நிலாவெளியில் விருந்தினர் காலம், எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஒக்டோபர், நவம்பரில் இடி மின்னல் ஹொட்டேல்களின் சுவிட்சுகளைக் கருக்கிவிட்டுப் போகும். அந்த வேலைகளுக்குப் பழகும் பிள்ளைகளை நாள்சம்பளத்துக்குக் கூட்டிப் போகவும் முடியும். ஆகவே தேர்வைச் செப்டெம்பர் கடைசியில் வைத்தால் எல்லாருக்கும் வசதி.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு நெட்வேர்க் தொழிலாளி